எண்ணோடு வெளியேறும் உரிமை

2018 பிப்ரவரி 21 வாக்கில் தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஏர்செல் கைபேசிகளில் சிக்னல் போய்விட்டது. டவர் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டிய பாக்கியை ஒட்டி எழுந்த தகராறில் டவர்கள் நிறுத்தப்பட்டிருந்தன. மாநிலத்தில் கோடிக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருந்த இணைப்பு அது. பல ஊர்களில் ஏர்செல் கடைகளை மக்கள் முற்றுகையிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, பிப்ரவரி 28 அன்று, நிறுவனம் மும்பையிலுள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தில் திவால் மனு போட்டது.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் உரிமை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்து அப்போதே ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன. மாறுவதற்கான முதல் படி, போர்ட் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டி, பக்கத்தில் தன் எண்ணையும் போட்டு 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்புவது. பதிலாக, எழுத்தும் எண்ணும் கலந்து எட்டு இலக்கத்தில் ஒரு குறியீடு வரும். கடைக்காரர்கள் யூ.பி.சி. என்று சொல்வது இதைத்தான். அதைப் புதிய நிறுவனத்தின் கடையில் காட்டினால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும். ஏர்செல் வாடிக்கையாளர்கள் மாட்டிக்கொண்டது இந்த முதல் படியில். அந்தக் குறுஞ்செய்தி கைபேசியை விட்டுக் கிளம்பவே சிக்னல் வேண்டும். உன்னை விட்டுப் போகிறேன் என்று சொல்வதற்கும் செத்துக் கிடந்த நெட்வொர்க்கின் தயவு தேவைப்பட்டது.

சட்டம் ஓர் உரிமையைத் தருவது ஒன்று. தேவைப்படும் நாளில் அது கைக்கு எட்டுவது வேறொன்று. போர்ட் வசதியின் இந்திய வரலாறு முழுக்க இந்த இடைவெளியின் வரலாறுதான். வெளியேறும் வழி ஆண்டுக்கு ஆண்டு எளிதாகிக்கொண்டே வந்தது. வெளியேறிப் போய்ச் சேரும் இடங்களோ அதே காலத்தில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன.

இந்த வசதி வருவதற்கு முந்தைய காலத்தில் ஒரு கைபேசி எண்ணைப் பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். 98400 என்றால் சென்னை, ஏர்டெல். 94430 என்றால் சென்னைக்கு வெளியே, பி.எஸ்.என்.எல். 98420 தமிழ்நாட்டு ஏர்செல், 98430 பி.பி.எல்.லாகப் பிறந்து பின்னாளில் வோடஃபோன் ஆனது. எண்வரிசையின் தொடக்க இலக்கங்கள் நிறுவனத்துக்கும் வட்டாரத்துக்கும் உரியவை. ஆகவே நிறுவனத்தை விட்டால் எண்ணையும் விட வேண்டும். விசிட்டிங் கார்டில், கடைப் பலகையில், ஆட்டோவின் முதுகில், கல்யாணப் பத்திரிகையின் அடியில் அச்சான எண்ணை விடுவதென்றால் ஒரு பிளம்பருக்கோ சமையல் ஒப்பந்தக்காரருக்கோ அது தொழிலின் பாதியை விடுவது. சேவை எவ்வளவு மோசமானாலும் கட்டணம் எவ்வளவு ஏறினாலும் அவர் அங்கேயே இருந்தாக வேண்டும். நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மாறுவதற்கு வாடிக்கையாளர் கொடுக்க வேண்டியிருக்கும் இந்த விலையைப் பொருளியலாளர்கள் வெகுகாலமாக ஆராய்ந்து வருகிறார்கள். பால் கிளெம்பரர் 1987இல் எழுதிய ஆய்வு அதில் முக்கியமானது. புதியவர்களை இழுக்க விலையைக் குறைத்து, அவர்கள் சிக்கிக்கொண்டபின் கூடுதலாக வசூலிக்கும் போக்கைப் பற்றியது அது. எண்ணைக் கையோடு கொண்டுபோக முடிந்தால் இந்தப் பிடி தளரும் என்ற எண்ணத்தில்தான் சிங்கப்பூர் 1997இலும், பிரிட்டனும் ஹாங்காங்கும் 1999இலும், அமெரிக்கா 2003 நவம்பரிலும் போர்ட் வசதியைக் கட்டாயமாக்கின. பாகிஸ்தான் 2007இலேயே செய்துவிட்டது. இந்தியாவில் ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009 செப்டம்பரில் விதிகளை வெளியிட்டது. பலமுறை தள்ளிப்போய், 2010 நவம்பர் 25 அன்று ஹரியானாவில் மட்டும் தொடங்கி, 2011 ஜனவரி 20 அன்று நாடு முழுவதற்கும் வந்தது. அதிலும் ஒரு குறை இருந்தது. தமிழ்நாட்டு எண்ணைத் தமிழ்நாட்டுக்குள்தான் மாற்ற முடியும். பெங்களூருக்கு வேலைக்குப் போனவர், ரோமிங் கட்டணத்தைச் சகித்துக்கொண்டு பழைய எண்ணை வைத்திருக்க வேண்டும். அல்லது அதை விட்டுவிட்டுக் கர்நாடக எண் வாங்க வேண்டும். அந்த எல்லை 2015 ஜூலை 3 அன்றுதான் நீங்கியது.

எண்ணின் தொடக்க இலக்கங்கள் இனி நிறுவனத்தைக் காட்டாது என்றானபின் அழைப்பு எப்படிச் சரியான இடத்துக்குப் போகிறது? எளிய கேள்விதான், அமைப்பின் உயிர்நாடியும் அதில்தான் இருக்கிறது. மதுரையில் ஒருவர் 98420இல் தொடங்கும் எண்ணை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நிறுவனம் அழைப்பை நேராக அனுப்பிவிடாது. மாறிய எண்கள் எல்லாம் பதிவாகியிருக்கும் பொதுத் தரவுத்தளத்தின் பிரதி ஒன்று அதனிடம் இருக்கும். அதில் தேடி, இந்த எண் இப்போது எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் வழிகாட்டு எண் ஒன்றை முன்னால் ஒட்டி, அதன்பிறகே அழைப்பை அந்த நிறுவனத்துக்குத் தள்ளிவிடும். ஒவ்வோர் அழைப்புக்கும் இந்தத் தேடல் நடக்கிறது. நம் காதுக்கு அது தெரிவதே இல்லை. இந்தத் தரவுத்தளத்தை நடத்த நாட்டை இரண்டு மண்டலங்களாகப் பிரித்தார்கள். வடக்கும் மேற்கும் சினிவர்ஸ் நிறுவனத்திடமும், தமிழ்நாடு உட்படத் தெற்கும் கிழக்கும் டெல்கார்டியாவின் பங்கோடு அமைந்த நிறுவனத்திடமும் போயின. எந்த நிறுவனம் சிம் விற்றாலும், மாறுகிற எண் இவர்கள் கணக்கின் வழியாகத்தான் மாறும்.

பழைய நிறுவனத்திலிருந்து புதியதுக்கு எண் கைமாறுவது பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பின். அந்தச் சில மணி நேரம் இரண்டு சிம்மும் வேலை செய்யாது. மிச்சமிருக்கும் பேலன்ஸும் வேலிடிட்டியும் கூட வராது. ஆண்டுத் திட்டம் போட்டவர்கள் மாறத் தயங்குவதற்கு இது போதுமான காரணம். நீண்டகாலத் திட்டங்களை நிறுவனங்கள் விரும்பித் தள்ளிவிடுவதற்கும் இது ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

தொடக்க ஆண்டுகளில் குறியீட்டை உருவாக்கித் தந்தது வாடிக்கையாளர் விட்டுப்போக நினைக்கும் அதே நிறுவனம். போட்டியாளரிடம் போகிறவருக்கு வழிவிடும் பொறுப்பை, அவரை இழக்கப்போகும் நிறுவனத்திடமே கொடுத்திருந்தார்கள். குறியீடு கேட்ட அடுத்த நிமிடம் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து அழைப்பு வரும். ‘சார், உங்களுக்காக ஸ்பெஷல் ஆஃபர்’ என்று கெஞ்சல் தொடங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். குறியீடு வாங்கி, புதுக் கடையில் விண்ணப்பம் கொடுத்து, ஏழு வேலை நாள் காத்திருந்த பிறகு ‘நிராகரிக்கப்பட்டது’ என்று செய்தி வந்தால் என்ன செய்வது? பாக்கி இருக்கிறது, இணைப்பு வாங்கி 90 நாள் ஆகவில்லை, பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது என விதியில் சொல்லப்பட்ட காரணங்கள் பல. அவை உண்மையா என்று விண்ணப்பித்தவர் முன்கூட்டித் தெரிந்துகொள்ள வழியில்லை. தவறாக நிராகரித்தால் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் வரை நிறுவனத்துக்குத் தண்டம் விதிக்க டிராய் அதிகாரம் வைத்திருந்தது. அந்தத் தண்டம், அலைந்தவர் இழந்த நாட்களைத் திருப்பித் தராது.

உண்மையான திருத்தம் 2019 டிசம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. ஏழாவது திருத்தம் என்று அறியப்படும் அந்த விதி, நிராகரிப்புக்கான சோதனையைக் குறியீடு தருவதற்கு முன்னாலேயே நகர்த்தியது. பழைய நிறுவனத்தைக் கேட்டு உடனுக்குடன் சரிபார்த்துவிட்டு, தகுதி இருந்தால் மட்டும் குறியீட்டைத் தருவது தரவுத்தள நிறுவனத்தின் வேலை ஆனது. குறியீடு கைக்கு வந்துவிட்டால் தடை பெரும்பாலும் தாண்டியாயிற்று என்று பொருள். ஒரே வட்டாரத்துக்குள் மூன்று வேலை நாளிலும், வட்டாரம் தாண்டினால் ஐந்து வேலை நாளிலும் மாற்றம் முடிய வேண்டும். குறியீட்டின் ஆயுள் பெரும்பாலான மாநிலங்களில் நான்கு நாள். மாற்றக் கட்டணம் தொடக்கத்தில் அதிகபட்சம் 19 ரூபாயாக இருந்து, இடையில் 4 ரூபாயாக்கப்பட்டு, அதை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்துசெய்து, கடைசியில் 6 ரூபாய் 46 காசில் நின்றது.

தொழில்நுட்ப விவரம்போலத் தெரியும் இந்த மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். யாரிடம் சாவி இருக்கிறது என்பதுதான் வாசல் திறந்திருக்கிறதா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனாலும் கதவைத் தட்டும் குறுஞ்செய்தி இன்னும் பழைய நெட்வொர்க் வழியாகத்தான் போகிறது. 2021 நவம்பரில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது இதன் விளைவு வெளிப்பட்டது. குறைந்த விலைத் திட்டங்கள் சிலவற்றில் வெளிச்செல்லும் குறுஞ்செய்தி வசதியே இருக்கவில்லை. அதாவது, நிறுவனத்தை விட்டுப் போக வேண்டுமென்றால் முதலில் அதே நிறுவனத்துக்குக் கூடுதல் பணம் கட்டி மேல் திட்டத்துக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டியிருந்தது. ஏழைக்கு மட்டும் வெளியேறக் கட்டணம்! எந்தத் திட்டத்தில் இருந்தாலும் 1900க்குக் குறுஞ்செய்தி போகும்படி செய்ய வேண்டும் என்று டிராய் அந்த டிசம்பரிலேயே உத்தரவிட்டது. உத்தரவு சரியானது. அப்படியோர் உத்தரவு தேவைப்பட்டது என்பதுதான் இந்தத் துறையின் மனப்போக்கைக் காட்டுகிறது.

ஏர்செல்லின் கதை திவால் மனுவோடு நிற்கவில்லை. 1999இல் சின்னக்கண்ணன் சிவசங்கரன் தொடங்கி, பின்னர் மலேசியாவின் மேக்ஸிஸ் குழுமம் பெரும்பங்கை வாங்கிய நிறுவனம் அது. தமிழ்நாட்டில் நீண்டகாலம் முன்னணியில் இருந்தது. சென்னை சூப்பர் கிங்ஸ் ஆட்டக்காரர்களின் மார்பில் அதன் பெயர் இருந்ததைப் பலரும் நினைவில் வைத்திருப்பார்கள். அது சரிந்து ஒன்றரை ஆண்டு கழித்தும், ஏர்செல்லிலும் அதன் துணை நிறுவனமான டிஷ்நெட்டிலும் சுமார் 7 கோடி எண்கள் மாறாமல் தேங்கிக் கிடந்தன. 2019 அக்டோபர் 31க்குள் மாறிக்கொள்ளாவிட்டால் எண் போய்விடும் என்று டிராய் அறிவித்தது. அவற்றில் எத்தனையோ சிம்கள் இரண்டாவது சிம்மாக வாங்கி மறக்கப்பட்டவையாக இருக்கலாம். ஆனால் வங்கிக் கணக்கோடும் எரிவாயு இணைப்போடும் ரேஷன் அட்டையோடும் சேர்த்துப் பதிந்த எண்களும் அவற்றில் இருந்தன. எண் என்பது சட்டத்தின் பார்வையில் வாடிக்கையாளருடைய சொத்து அல்ல. நிறுவனங்களுக்கு அரசு ஒதுக்குகிற பொது வளம். நமக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். அந்த உரிமை ஒரு நிறுவனத்தின் கடன் தகராறில் அறுந்துபோகக் கூடாது என்பதற்கு, அந்த நிறுவனத்தைச் சாராத ஒரு வழி விதியிலேயே இருக்க வேண்டும். சிக்னல் இல்லாத வாடிக்கையாளர், வேறெந்த நிறுவனத்தின் கடைக்கும் போய், ஆதாரும் விரல்ரேகையும் கொடுத்து, தரவுத்தள நிறுவனத்திடமிருந்து நேராகக் குறியீடு பெறும் வழி. நெருக்கடி வந்த பிறகு அவசரமாகச் செய்யும் ஏற்பாடாக இல்லாமல், முன்கூட்டியே எழுதிவைத்த விதியாக அது வேண்டும்.

இனி, போய்ச் சேரும் இடங்களைப் பற்றி. 2011இல் போர்ட் வசதி வந்தபோது நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட கைபேசி நிறுவனங்கள் இருந்தன. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ இலவசமாகத் தொடங்கியது. கூட்டம் அலைமோதியது, மற்ற நிறுவனங்களின் வருமானம் சரிந்தது. 2017 முடிவதற்குள் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் குரல் சேவையை மூடியது. 2018இல் ஏர்செல் போனது. டெலினாரை ஏர்டெல் வாங்கியது. ஆகஸ்டில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. 2019இல் டாட்டாவின் கைபேசி வாடிக்கையாளர்களும் ஏர்டெல்லுக்குப் போனார்கள். எஞ்சியவை மூன்று தனியார் நிறுவனங்களும் அரசின் பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்களும். தனியாரில் ஒன்று கடனில் மூச்சுத்திணறுகிறது.

எண்ணோடு மாறும் வசதி வந்தால் சின்ன நிறுவனங்கள் பிழைக்கும், போட்டி வளரும் என்பது பொதுவான நம்பிக்கை. ஆய்வுகள் அதை முழுக்க ஆமோதிக்கவில்லை. அமெரிக்காவில் 1993இல் கட்டணமில்லாத் தொலைபேசி எண்களுக்கு இந்த வசதி வந்தபோது பெரிய நிறுவனங்கள் விலையைக் குறைத்தன என்று பிரையன் வியார்ட் காட்டினார். ஹாங்காங்கைப் பற்றி ஷி, சியாங், ரீ ஆகிய மூவர் 2006இல் வெளியிட்ட ஆய்வோ சங்கடமான இன்னொரு பக்கத்தைக் காட்டியது: விலை குறையலாம், ஆனால் சந்தை பெரிய நிறுவனங்களின் கையில் இன்னும் வேகமாகக் குவியலாம். ஒரே நிறுவனத்துக்குள் பேசினால் மலிவு என்ற ஏற்பாடு இருக்கும்வரை, மாறத் தடையில்லாதவர்கள் நண்பர்களும் உறவினர்களும் அதிகம் இருக்கும் பெரிய வலைக்குள் போய்ச் சேர்வார்கள் என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் அந்தக் கட்டண வேற்றுமை இன்றில்லை. நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் இணைப்புக் கட்டணம் 14 காசிலிருந்து 2017 அக்டோபரில் 6 காசாகி, 2021 ஜனவரி 1 முதல் இல்லாமலே போனது. ஆனாலும் குவிதல் நடந்துவிட்டது. அதற்குக் காரணம் போர்ட் வசதி என்று நான் சொல்லவில்லை. ஆழமான பணப்பையோடு வந்த ஒருவரும், அலைக்கற்றைக்கு வாங்கிய கடனும், பழைய நிறுவனங்களின் நிலுவைச் சுமையும் அதைச் செய்தன. போர்ட் வசதியால் அதைத் தடுக்க முடியவில்லை என்பதே என் கருத்து.

தேர்வு மூன்றாகச் சுருங்கினால் மாறும் உரிமைக்கு என்ன மதிப்பு என்பதை 2024 ஜூலை காட்டியது. மாதத் தொடக்கத்தில் சில நாள் இடைவெளிக்குள் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை உயர்த்தின; சில திட்டங்களில் கால் பங்கு அளவுக்கும் உயர்வு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பயனில்லை. கோபம் கொண்டவர்கள் போக ஓரிடம்தான் இருந்தது. அந்த ஒரு மாதத்தில் பி.எஸ்.என்.எல். சுமார் 29 லட்சம் வாடிக்கையாளர்களைக் கூடுதலாகப் பெற்றது. போனவர்கள் 4ஜி சேவை ஊருக்கு ஊர் முழுமையாக வராத நெட்வொர்க்கைக் கண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏற்றம் நின்று, மறுபடி இறங்குமுகம் ஆனது. அரசு நிறுவனத்தைப் பழங்காலச் சின்னமாகப் பார்ப்பவர்கள் இந்த மாதங்களை யோசிக்க வேண்டும். அது வலுவாக இருந்திருந்தால், அங்கே போகாதவர்களுக்கும் கட்டணம் இந்த அளவுக்கு ஏறியிருக்காது.

மாறுவதற்கான விண்ணப்பங்கள் இந்தியாவில் இதுவரை 100 கோடியைத் தாண்டியிருக்கின்றன. மாதத்துக்கு ஒரு கோடிக்கு மேல் வருகின்றன. இந்த எண்ணிக்கையைச் சுதந்திரத்தின் அளவுகோலாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அதில் கணிசமானது பேருந்து நிலைய வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருக்கும் இளைஞர்களின் உழைப்பு. போர்ட் செய்து வருபவருக்குச் சலுகை, கொண்டுவருபவருக்குக் கமிஷன். ஒரே ஆள் சில மாதங்களுக்கு ஒருமுறை வட்டமடித்துத் திரும்புவதும் உண்டு.

சாதாரண இந்தியர் மாறும் சிக்கலைத் தீர்த்துக்கொண்ட விதம் வேறு: இரண்டு சிம் போன். ஒன்றில் பழைய எண், இன்னொன்றில் அன்றைக்கு மலிவான நெட்வொர்க். உள்வரும் அழைப்பு செலவில்லாமல் வந்துகொண்டிருந்த காலத்தில் இது அருமையான வழி. 2018 நவம்பர் வாக்கில் பெரிய நிறுவனங்கள் குறைந்தபட்ச ரீசார்ஜ் கொண்டுவந்தன: 28 நாளைக்கு 35 ரூபாய், போடாவிட்டால் இணைப்பு நிற்கும். அந்தப் படி ஏறிக்கொண்டே போய், ஏர்டெல்லில் 2024 ஜூலைக்குப் பின் 199 ரூபாய் ஆனது. சாதாரண பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டியும் பயன்படுத்தாத டேட்டாவுக்குச் சேர்த்துக் கட்டினார். பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. எண்ணைக் கைவிட்டால் என்ன ஆகும்? 90 நாள் பயன்படுத்தாத பிரீபெய்ட் எண்ணைத் துண்டிக்கலாம்; பிறகு ஒரு கால இடைவெளி விட்டு அதை வேறொருவருக்கு விற்கலாம். உங்கள் வங்கியின் ஓ.டி.பி. அவர் போனில் ஒலிக்கும்.

எண்ணோடு இத்தனையும் கட்டப்பட்டிருப்பதால்தான் திருடர்களுக்கும் போர்ட் வசதி பிடித்துப்போயிற்று. அடுத்தவர் பெயரில் மாற்று சிம் வாங்கி, உடனே வேறு நிறுவனத்துக்குக் கடத்திவிட்டால் கணக்கைக் காலிசெய்ய நேரம் கிடைக்கும். சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் போர்ட் குறியீடு தரப்படாது என்ற விதி 2024 ஜூலை 1 முதல் வந்தது அதனால்தான். மழையில் போன் கெட்டுப் புது சிம் வாங்கியவருக்கு இது தொல்லை. ஆனாலும் நான் இதை ஆதரிக்கிறேன்.

கடைசியாக, விதிப்புத்தகம் அதிகம் பேசாத, நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கும் தடை ஒன்று. போர்ட் செய்ய வேண்டியவர் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர், பேசுகிறவர் அல்ல. தமிழ்நாட்டில் எத்தனையோ பெண்களின் எண் கணவர் பெயரிலோ மகன் பெயரிலோ இருக்கிறது. ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் சிம், துபாயில் இருக்கும் பிள்ளையின் ஆதாரில் வாங்கியது. கணவர் இறந்தபின், அவர் பெயரில் இருக்கும் எண்ணை மனைவி வேறு நிறுவனத்துக்கு மாற்றப் போனால், முதலில் இறப்புச் சான்றிதழும் வாரிசுக்கான ஆவணமும் கேட்பார்கள். பென்ஷன் செய்தியும் வங்கிச் செய்தியும் வந்துகொண்டிருக்கும் எண், சட்டப்படி அவருடையதே அல்ல.

தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் கைபேசி எண்ணையும் அதற்கு வரும் ஓ.டி.பி.யையும் கொடுத்தால், உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று காட்டும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் அதைப் பார்த்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுங்கள். அம்மாவோ மனைவியோ பயன்படுத்தும் எண் உங்கள் பெயரில் இருந்தால், இருவரும் ஆதாரோடு நிறுவனத்தின் கடைக்குப் போய் அவர் பெயருக்கு மாற்றிக்கொடுங்கள். பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது போர்ட் கிடைக்காது. அதனால் நிறுவனத்தை மாற்ற வேண்டிய அவசரம் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.